குளிர்கால ரோஜா உறை: திருகோணமலையில் போட்டுப் பார்த்தேன்

டொரோண்டோவில் இருக்கும் அக்கா அனுப்பிய பெட்டியில் சொக்லேட்டோடும் பழைய ஜாக்கெட்டுகளோடும் மூன்று வெள்ளை உறைகள் வந்தன. பனிக்காலத்தில் ரோஜாச் செடிக்கு மேலே கவிழ்த்துப் போடுவது. இடுப்பளவு உயரம், பக்கத்தில் சிப், அடியில் இழுத்துக் கட்டக் கயிறு. துணி என்றாலும் நெய்த துணி இல்லை, கடையில் சாமான் போட்டுத் தருகிற அந்தப் பைச் சீலைதான், அதைவிடக் கொஞ்சம் தடிப்பு. தையல் நல்ல உறுதி.

அங்கே இது எப்படி வேலை செய்கிறது என்று அக்காவிடமே கேட்டேன். உறை மட்டும் போட்டால் செடி தப்பாதாம். உறைபனி சில தடவை விழுந்து செடி வளர்ச்சியை நிறுத்தித் தூங்கப் போகும்வரை பொறுத்திருந்து, ஒட்டுக் கட்டின இடம் மறையும்படி ஒரு அடிக்கு மண்ணோ கம்போஸ்டோ குவித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உறை. குளிரைவிட, ஒருநாள் வெயிலில் இளகி மறுநாள் திரும்ப உறைவதும் காய்ந்த காற்றும்தான் தண்டைக் கெடுக்கும், உறை தடுப்பது அதைத்தான். இவ்வளவு முக்கியமான மண் குவிக்கிற விஷயம் பைக்கட்டில் ஒரு வரிகூட இல்லை. புதிதாக வாங்குகிறவர் வெறும் உறையை மாட்டிவிட்டு, வசந்தத்தில் கறுத்த குச்சியைத்தான் பார்ப்பார்.

சரி, நமக்கு? தை மாத இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்காத ஊர் இது, இங்கே ரோஜா தூங்குவதே இல்லை. நமக்குப் பிரச்சினை மாரி மழை. அதனால் ஐப்பசிக் கடைசியில் ஒரு சாடிக்கு உறை போட்டு, பக்கத்துச் சாடியைத் திறந்தே விட்டேன். துணி வழியே மழை உள்ளே போகிறது, ஈரம் வெளியே வரமாட்டேன் என்கிறது. இலை ஏழெட்டு மணித்தியாலம் தொடர்ந்து நனைந்திருந்தாலே கரும்புள்ளிப் பூஞ்சை முளைத்துவிடும், இதற்குள்ளே நாள் முழுக்க ஈரம். திறந்திருந்த செடியிலும் புள்ளி வந்ததுதான், ஆனால் உறைக்குள் இருந்ததில் கீழிலை முழுக்க மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. மாரிக்கு இதை வாங்கவே வேண்டாம். சாடியைத் தாழ்வாரத்துக்கு இழுத்து இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி, மண்ணில் தேங்காய்த் தும்பு கலந்து, நிலத்தோடு உரசுகிற இலைகளைக் கிள்ளிவிட்டாலே போதும், காசும் செலவில்லை.

தென்மேற்கிலிருந்து சூடாகவும் காய்ந்தும் அடிக்கிற கச்சான் காற்றுக் காலத்தில் பரவாயில்லை. புதிதாக வைத்த கன்றுக்கு மத்தியான நேரம் மட்டும் போட்டால் தளிர் கருகவில்லை. அதற்குப் பச்சை வெயில்வலையே போதும் என்பீர்கள், உண்மைதான்.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒரு வேலைக்கு இது நன்றாக உதவுகிறது: மான். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் இரவில் ரோட்டில் இறங்கி வருவது டவுனில் இருப்பவர்களுக்குத் தெரியும், படலை திறந்து கிடந்தால் ரோஜாத் தளிரும் மொட்டும் காலையில் இருக்காது, முள் எல்லாம் அதுகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மழையில்லாத இரவுகளில் உறையைக் கவிழ்த்துவிட்டுக் காலையில் எடுத்துவிடுகிறேன், ஒரு மொட்டும் போகவில்லை. கயிற்றை மட்டும் நம்பாதீர்கள், அடியில் ஒரு கல் வையுங்கள், இல்லாவிட்டால் மூக்கால் தூக்கிவிடும். சிப்பின் இழுப்பான் உப்புக் காற்றில் இப்போதே துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது, தேங்காய் எண்ணெய் தடவித்தான் ஓட்டுகிறேன்.

கனடாக்காரருக்கு 5க்கு 4, நமக்கு 2, அதுவும் மானுக்காக.