கிளின்கோரூக் டாக்டரின் கிளினிக்: சேவை எப்படி?

தெற்கு வேல்ஸின் ஆஃபன் பள்ளத்தாக்கில் கிளின்கோரூக் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கக் கிராமமாக இருந்தது. 1961இல் அங்கே குடும்ப டாக்டராக வந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கேயே வைத்தியம் பார்த்தார்.

அவர் சேவையின் உயிர்நாடி நோயாளி கார்டுதான். சளிக்கோ முதுகுவலிக்கோ வந்தாலும் பிரஷர் பார்த்து அதில் எழுதிவிடுவார்கள். பிறகு கார்டுகளைப் புரட்டி, பிரஷர் அளவு விடுபட்டவர்களைத் தேடிப்பிடிப்பார்கள். பலர் இந்த இரண்டாம் பாதியைத்தான் கோட்டைவிடுகிறார்கள். தானாக வருபவர்களை மட்டும் பார்த்தால் ஊரின் நிலவரம் தெரியாது.

இதைப் பின்பற்ற நினைப்பவர்கள் அளவெடுப்பதில் கவனமாக இருக்க வேண்டும். பருத்த கையில் பிரஷர் கருவியின் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். கை தொங்கினாலும் அப்படியே. 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, 1 நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். மிக அதிகமாக இருந்தாலொழிய ஒருநாள் அளவை நம்பி மாத்திரை எழுத வேண்டாம்.

கிளின்கோரூக்கில் 65 வயதுக்குள் இறப்பது பக்கத்துக் கிராமத்தைவிட சுமார் 28% குறைவாக இருந்ததாக 1991இல் வெளியான ஆய்வு சொன்னது. சின்ன ஊர்கள் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் தயக்கத்தோடே ஏற்கலாம். தேவை மிகுந்த இடத்தில்தான் நல்ல மருத்துவம் அரிது என்ற அவருடைய 1971 கட்டுரைக்கு அப்படித் தயங்க வேண்டியதில்லை.

குறை என்றால் ஆள்பலம்தான். நர்ஸும் எழுத்தரும் இல்லாமல் தனி டாக்டர் ஒருவரால் இவ்வளவு கார்டுகளைக் கட்டி மேய்க்க முடியாது.