செப்டம்பர் மறுவிதைப்பு: டால் ஃபெஸ்க்யூவா, கென்டக்கி புளூகிராஸா?

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில், இறுகிய களிமண்ணில் அமைந்த எங்கள் வீட்டுப் புல்தரை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்டு முடிவில் பாதிக்கு மேல் காய்ந்திருந்தது. நடைபாதையை ஒட்டிய விளிம்பை கிராப்கிராஸ் களை பிடித்துக்கொண்டிருந்தது. செப்டம்பரில் விதைக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை: மண்ணில் எஞ்சிய சூடு விதையை முளைக்க வைக்கும், குளிர்ந்த காற்று நாற்றை வாடாமல் காக்கும், களையோ முதல் உறைபனியில் மடியும். புல்தரைக்கென விதைக்கும் இரண்டு புல்வகைகளில், முன்புறத்தில் டால் ஃபெஸ்க்யூவையும், பக்கவாட்டுத் துண்டில் கென்டக்கி புளூகிராஸையும் விதைத்தேன்.

அழகில் புளூகிராஸே மேல். நீலம் படர்ந்த பச்சை நிறம் கொண்ட அந்தப் புல் காலுக்கும் இதமானது. மண்ணுக்கடியில் கிடைத்தண்டுகளை ஓடவிட்டு வெற்றிடங்களைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆனால் ஃபெஸ்க்யூ பத்து நாளில் தலைகாட்டிவிட, புளூகிராஸ் முளைத்து வர மூன்று வாரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் மேப்பிள் இலைகள் உதிர்ந்து, ஊசி போன்ற அந்த நாற்றுகளை மூடத் தொடங்கின. வாருகோலால் இழுத்தால் நாற்றும் சேர்ந்து வரும் என்பதால், இலைகளைக் கையால் பொறுக்கினேன்.

இவையெல்லாம் ஒரு பருவத்துத் தொல்லைகள். என் முடிவைத் தீர்மானித்தது அடுத்து வந்த ஜூலை மாதத் தண்ணீர்ச் செலவுதான். புளூகிராஸின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே நிற்பதால், வாரம் ஓர் அங்குல அளவு நீர் கிடைக்காவிட்டால் அது பழுப்பேறி உறங்கிவிடுகிறது. அது சாவு அன்று, மழை வந்தால் மீண்டும் துளிர்க்கும் என்றாலும், அந்த இடைவெளியில் களை குடியேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபெஸ்க்யூவின் வேர், மண் இடங்கொடுத்தால், இரண்டு மூன்று அடி ஆழத்துக்கும் இறங்கும். குழாயைத் திறக்காமலே மூன்று வாரம் பச்சையாக நின்றது. களிமண்ணில் அந்த வேர் இறங்க, விதைப்பதற்கு முன், மண்ணில் துளையிடும் ஏரேட்டர் எனும் கருவியை வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்று அங்குல நீள மண் துண்டுகளைப் பிடுங்கிப் போட்டது உதவியிருக்க வேண்டும். அறுக்கும் உயரத்தை மூன்றரை அங்குலத்துக்குக் கீழே இறக்காததும் ஒரு காரணமாகலாம். இரண்டு கோடைகளை மட்டுமே கண்டவன் என்பதால் இதற்கு மேல் உறுதி கூறேன்.

ஃபெஸ்க்யூவுக்கும் குறைகள் உண்டு. அது தூர் கட்டி வளர்வதால் சொட்டை விழுந்த இடம் சொட்டையாகவே கிடக்கும். இலையுதிர் காலந்தோறும் சிறிது விதை தூவ வேண்டும். விதையும் கூடுதலாகவே தேவை: வெறும் மண்ணில் 1,000 சதுர அடிக்குப் புளூகிராஸ் இரண்டு மூன்று பவுண்டு போதுமெனில், இதற்கு ஆறு முதல் எட்டு பவுண்டு வேண்டும். புழுக்கமான இரவுகளில் பிரவுன் பேட்ச் எனும் பூஞ்சை நோய் தாக்கும். மாலையில் நீர் பாய்ச்சினால் அதை நாமே வரவழைத்தது போலாகும்.

உரம் இரண்டுக்கும் ஒன்றே. நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை வீட்டுக்காரர்கள் தழைச்சத்தோ (நைட்ரஜன்) மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) உள்ள உரமிடுவதை மாநிலச் சட்டம் தடுப்பதால், அதை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

இந்தச் செப்டம்பரில் புளூகிராஸ் துண்டிலும் ஃபெஸ்க்யூவைத் தூவப்போகிறேன். முன்புறத்துக்கான விதையில் மட்டும், சொட்டைகள் தாமே நிரம்பட்டும் என்று, எடையில் பத்தில் ஒரு பங்கு புளூகிராஸ் கலந்து வைத்திருக்கிறேன்.