அட்டவணையா, உருமாற்றமா?

வெள்ளவத்தையில் உயர்தர இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் பலர், வை = (2எக்ஸ் − 5)/(எக்ஸ் − 1) என்ற வரைபைக் கேட்டதும் பெறுமான அட்டவணை போடத் தொடங்குகிறார்கள். எக்ஸ் 0 எனில் 5, 2 எனில் −1. இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தவுடன் வரைபு பிழைத்துவிடுகிறது. எக்ஸ் = 1 இல் சார்புக்குப் பெறுமானமே இல்லை; வளையி அங்கே இரண்டாகப் பிரிகிறது. அட்டவணை இதை உரக்கச் சொல்வதில்லை.

தெரிந்த ஒரு வளையியை நீட்டியும் நகர்த்தியும் வரைபைப் பெறும் உருமாற்ற வழியே எனக்குப் பிடித்தது. வகுத்து எழுதினால் 2 − 3/(எக்ஸ் − 1). இனி 1/எக்ஸ் வளையியை நிலைக்குத்தாக 3 மடங்கு நீட்டி, எக்ஸ் அச்சில் தெறிக்கச் செய்து (கண்ணாடி விம்பம்போலப் புரட்டி), வலப்புறம் 1, மேலே 2 நகர்த்தினால் போதும். அணுகுகோடுகள், அதாவது வளையி நெருங்கிச் சென்றும் தொடாத கோடுகள், எக்ஸ் = 1, வை = 2 என்று தாமாகவே தெரிகின்றன. ஒழுங்கு முக்கியம்: மேலே நகர்த்திய பின் தெறித்தால் கிடை அணுகுகோடு −2 க்கு இறங்கிவிடும்.

இன்னோர் அழகும் உண்டு. 1/எக்ஸ் வளையியை எந்த அச்சில் தெறித்தாலும் ஒரே படம்தான். நிலைக்குத்தாக 3 மடங்கு நீட்டுவதும் கிடையாக 3 மடங்கு நீட்டுவதும் ஒன்றே. வேறு சார்புகளில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

அட்டவணையை முற்றாக விடச் சொல்லவில்லை. வரைந்த பின், (0, 5), (2.5, 0) என்ற வெட்டுப்புள்ளிகளைப் பிரதியிட்டுச் சரிபார்க்க அதுவே விரைவான வழி.