குதிகால் வலிக்கு ஊசியா, படிக்கட்டா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் வலி. இருபது அடி நடந்தால் தணிகிறது. உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வருகிறது. நோயாளி இவ்வளவு சொன்னாலே பாதி விளங்கிவிடும். மீதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குதிகால் எலும்பின் அடியில், உட்பக்கமாகச் சற்று முன்னால் அழுத்துவேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டால், அங்கே தொடங்கி விரல்கள் வரை ஓடும் கெட்டியான நார்ப்பட்டையில்தான் கோளாறு. பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்று மருத்துவச் சீட்டில் எழுதுவது இதைத்தான்.

பலர் எக்ஸ்ரேயுடன் வருகிறார்கள். "எலும்பு முள்ளாக வளர்ந்திருக்கிறதாம்" என்று பயத்தோடு நீட்டுவார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் உண்டு. அதன்மேல் பழி போட வேண்டாம். கவனிக்க வேண்டியவை வேறு. குதிகாலை இருபுறமும் அமுக்கினால் கடுமையாக வலிப்பது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். எரிச்சலும் மரத்துப்போவதும் சேர்ந்திருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் விறைத்தால் மூட்டுவாத மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி, ஊசியா பயிற்சியா? நான் பிசியோதெரபிஸ்ட், ஊசி போடுவது என் வேலை இல்லை. ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று தோன்றலாம் என்பதால் ஆய்வுகளையே முன்வைக்கிறேன்.

ஸ்டீராய்டு ஊசியின் பலம் வேகம். ஆஸ்திரேலியாவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், ஸ்கேன் பார்த்துப் போட்ட ஊசி நான்காம் வாரத்தில் வலியைத் தெளிவாகக் குறைத்தது. எட்டாம் வாரத்தில் போலி ஊசி போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை அறுந்துபோகும் அபாயமும், குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பு மெலியும் அபாயமும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை எகிறும். இதை முன்கூட்டியே சொல்லாமல் ஊசி போடுவது சரியல்ல.

பயிற்சியில் இரண்டு வகை. ஒன்று நீட்டும் பயிற்சி: படுக்கையிலேயே காலைத் தொடைமேல் போட்டு, விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்துப் பத்து எண்ணுவது, இப்படிப் பத்து முறை. தரையில் கால் வைக்கும் முன்பே செய்வதில்தான் பலன் இருக்கிறது. மற்றொன்று வலுவூட்டுவது. சுருட்டிய துண்டைப் படி விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் வளைந்திருக்க முன்பாதத்தை ஊன்றி, ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் குதிகாலை உயர்த்தி, இரண்டு எண்ணும்வரை நிறுத்தி, மூன்று எண்ணி இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். டென்மார்க்கில் இரண்டையும் ஒப்பிட்டபோது, மூன்றாம் மாதத்தில் படிக்கட்டுக்காரர்கள் முன்னே இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் சமம்.

பயிற்சியின் குறை பொறுமை. நாளெல்லாம் நிற்பவரிடம் "மூன்று மாதம் பொறுங்கள்" என்று சொல்ல எனக்கே மனம் வருவதில்லை. துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அவருக்கு உட்கார வாய்த்ததோ மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும். வலியில் ஒற்றைக்காலில் நிற்கவே முடியவில்லை, பிறகு எப்படிப் பயிற்சி செய்வது? ஒரே ஒரு ஊசிக்கு எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். ஊசியையும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று 2019-இல் வந்த இன்னொரு டேனிஷ் ஆய்வும் சொல்கிறது. வலி தணியும் அந்தச் சில வாரங்களில் பயிற்சி தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் என் நிபந்தனை. பெரும்பாலானவர்கள் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். வலி போய்விட்டது, எதற்குப் பயிற்சி என்று.

நிற்க முடிகிறவருக்கு நான் ஊசியைப் பரிந்துரைப்பதில்லை. தேய்ந்த ஹவாய் செருப்பை வீசிவிட்டு, வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு போடச் சொல்கிறேன். உணர்விழந்த பாதங்களைக் காக்கத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்த அதே மெத்து ரப்பர்தான் அது.

அந்தப் பெண் இப்போது கடையின் மாடிப்படியிலேயே செய்கிறார். துண்டுக்குப் பதிலாக, சுருட்டிய பழைய ரவிக்கைத் துணி.