ரீமேப் செய்யப் போகிறீர்களா? டைனோ ஷீட்டின் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

கோவையில் ஒரு ட்யூனிங் கடையில் என் போலோ 1.5 டீசலை ரீமேப் செய்ய, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்ட, கொடுத்தேன். பில் 32,000 ரூபாய். வேலைக்கு முன் எடுத்த டைனோ ஷீட்டில் (வண்டியை ரோலர் மேல் ஓட்டிப் பவரை அளக்கும் இயந்திரம் அச்சடித்துத் தரும் தாள்) 75 ஹெச்பி, பின்பு எடுத்ததில் 118. "43 ஹெச்பி ஏத்தியிருக்கோம் சார்" என்றார்கள். ஓட்டினால் வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு ஷீட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஏமாற்று தெரிகிறது. முதல் ஷீட்டில் இருப்பது வீல் பவர், இரண்டாவதில் இருப்பது இன்ஜின் பவர். ரோலர் டைனோ இன்ஜினை நேராக அளப்பதில்லை. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தின்றது போக ரோலருக்கு வந்து சேர்வதைத்தான் அளக்கிறது. வழியில் எத்தனை சதவீதம் போனது என்று ஆபரேட்டர் ஓர் எண்ணைத் தட்டினால், சாஃப்ட்வேர் அதையும் சேர்த்து இன்ஜின் பவர் என்று அச்சடித்துவிடும். என் ஷீட்டின் அடியில் 25 சதவீதம் என்று இருந்தது. முன்சக்கர மேனுவல் காருக்கு 15 போடுவதே தாராளம்.

கம்பெனி சொல்வது 90 பிஎஸ், அதாவது சுமார் 89 ஹெச்பி. முதல் ஷீட்டின் 75-ஐ 0.85-ஆல் வகுத்தால் 88 வருகிறது, சரியாகப் பொருந்துகிறது. அதே 75-ஐ 0.75-ஆல் வகுத்துப் பாருங்கள். யாரும் கை வைக்காத வண்டியே 100 ஹெச்பி ஆகிவிடும்! இதைத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள்.

அப்புறம் கரெக்‌ஷன். அன்றைய காற்றின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைத் திருத்தும் கணக்கு அது. முதல் ஓட்டத்துக்கு எஸ்ஏஇ முறை, இரண்டாவதற்கு எஸ்டிடி முறை. எஸ்ஏஇ 25 டிகிரி காற்றை அடிப்படையாக வைக்கிறது. எஸ்டிடி 15.6 டிகிரியையும் கூடுதல் காற்றழுத்தத்தையும் வைப்பதால் அதே ஓட்டம் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அந்த 25 சதவீதத்தையும் இந்த 4 சதவீதத்தையும் கழித்தால் 118 என்பது வீலில் 85. கூடியது 10 ஹெச்பி.

கடையில் கேட்டதற்கு "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் போடுவோம்" என்றார்கள். அப்படியென்றால் முதல் ஷீட்டுக்கு ஏன் போடவில்லை? பதில் இல்லை. ஓட்டத்தின் மூலப் பதிவான ரன் ஃபைலைக் கேட்டேன், தரவில்லை. பணமும் திரும்பவில்லை. இன்ஜின் பவர் கூடினால் இழப்பும் அதே விகிதத்தில் கூடும் என்று வேறு வாதாடினார்கள். கியர் ஆயிலைக் கலக்குவதில் போகும் சக்தி பெரும்பாலும் வேகத்தைப் பொறுத்தது, இன்ஜின் பவரைப் பொறுத்ததல்ல.

நீங்கள் போனால் முன், பின் இரண்டு ஓட்டமும் ஒரே டைனோவில், ஒரே கியரில், ஒரே கரெக்‌ஷனில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் வீல் பவரை மட்டும் கேளுங்கள். இழப்பைச் சேர்த்துத்தான் சொல்வேன் என்றால், கோஸ்ட் டவுன் முறையில் அளந்து காட்டச் சொல்லுங்கள்: கிளட்சை மிதித்து ரோலரைத் தானாக வேகம் குறைய விட்டால் டைனோவே பெரும்பாலான இழப்பை அளந்துவிடும். டயர் காற்றையும் இரண்டு முறையும் உங்கள் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள், குறைந்த காற்றில் முதல் ஓட்டத்தை எடுத்தாலே எண் இறங்கிவிடும். ரன் ஃபைல் கைக்கு வந்த பிறகு பில்லைக் கட்டுங்கள்.