பாளையங்கோட்டைச் சிறுநீரியல் மருத்துவமனை: அம்மாவுடன் சென்றுவந்த அனுபவம்

இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவதை 3 ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல், பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துச் சமாளித்து, கடைசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் வருவதையே நிறுத்திவிட்ட என் அம்மாவை, பாளையங்கோட்டையிலுள்ள ஒரு தனியார் சிறுநீரியல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். வரவேற்பில் இருந்தவர் "என்ன தொந்தரவு?" என்று கூடமே கேட்கும்படி கேட்டதும், அம்மா "கால்வலி" என்று சொல்லிவிட்டார். அந்தக் கூடத்தில் கழிப்பறையும் இல்லை. இந்த நோயாளிகள் மாடியேற வேண்டியிருக்கிறது.

மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், எப்போது கசிகிறது என்பதை 3 நாள்கள் குறித்துவரச் சொன்னார். தொற்றுக்கும் சர்க்கரைக்குமான சோதனைகளோடு, சிறுநீர் கழித்த பின் சிறுநீர்ப்பையில் மிச்சம் நிற்கிறதா என்று ஸ்கேனும் எடுத்தார்கள். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் திரைக்குப் பின்னால் பொறுமையாகக் கற்றுக்கொடுத்து, பலன் தெரிய 3 மாதமாவது ஆகும் என்றார். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை இன்னும் உறுத்தும் என்பது எனக்கே புதிய செய்தி.

இது நான்காவது மாதம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு அம்மா பேருந்தில் வந்துபோனார். கைப்பைக்குள் ஒரு பேட் மட்டும் எடுத்துக்கொண்டார்.