பூட்டிய ஹார்டு டிஸ்க்கும் களிம்பு பிடித்த சாக்கெட்டும்

நேற்றுதான் ராமநாதபுரத்தில் ரிப்பேர் கடையில் என் ஹார்டு டிஸ்க்குக்கு சாக்கெட் (கேபிள் செருகும் இடம்) மாற்றி வாங்கி வந்தேன், 600 ரூபாய். இது மூன்றாவது தடவை. டிஸ்க் 1 டிபி, 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் பக்கம் வருகிறது என்று சொன்ன வாரம் அவசரமாக வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம். வேகம், கொள்ளளவு பற்றி ஒரு குறையும் இல்லை, என் கோபமெல்லாம் அந்த யூஎஸ்பி சாக்கெட் மேல்தான்.

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம். எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைத்தாலும் எட்டே மாதத்தில் சாக்கெட்டுக்குள் பச்சைக் களிம்பு வந்துவிடுகிறது. கேபிளைச் செருகினால் விளக்கு எரியும், கை லேசாகப் பட்டால் அணையும், பாதி காப்பி ஆகும்போது அணைந்தால் வயிற்றைக் கலக்கும். பழைய டூத் பிரஷை ஐபிஏ-வில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில்) நனைத்துத் தேய்த்தால் இரண்டு வாரம் ஓடும், அப்புறம் பழைய கதைதான்.

அப்பத்தா தனுஷ்கோடியில் வாழ்ந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு எல்லாம் போய், கட்டிய சேலையோடு ராமேஸ்வரம் வந்து சேர்ந்தார். தான் இன்னார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட அவரிடம் இல்லை. அதனால்தான் படகின் பதிவுச் சான்று, வீட்டுப் பத்திரம், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இதில் வைத்திருக்கிறேன். கூகுள் டிரைவ் இருக்கிறதே என்பார்கள். புயலில் டவர் போய்விட்டால் ஓடிபி வராது, புது போனில் லாகின் செய்யவும் முடியாது.

முழு டிஸ்க்கையும் வேராகிரிப்ட் போட்டுப் பூட்டியிருக்கிறேன், பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி எல்லாவற்றையும் மாற்றி வைக்கும் இலவச மென்பொருள், திறக்க நெட் வேண்டியதில்லை. அதன் அருமை ரிப்பேர் கடையில்தான் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கையில் குடும்பத்தின் அத்தனை ஆவணங்களையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினேன், பாஸ்வேர்டு இல்லாமல் அவரால் ஒன்றையும் பார்க்க முடியாது. பயம் வேறு இடத்தில் இருந்தது. பூட்டிய டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும், தெரியாமல் சரி கொடுத்தால் முடிந்தது. அதனால் டிஸ்க் மேலேயே டேப் ஒட்டி, ‘ஃபார்மேட் கேட்டால் கேன்சல் கொடுங்கள்’ என்று மார்க்கரில் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்று. டிஸ்க்கைத் திறக்கும் சாவி இருக்கும் ஆரம்பப் பகுதிக்கு ஹெடர் என்று பெயர், அது கெட்டால் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் டிஸ்க் திறக்காது. டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் அதற்கு ஒரு காப்பு இருக்கும் என்றாலும், வேராகிரிப்டின் டூல்ஸ் மெனுவில் ‘பேக்கப் வால்யூம் ஹெடர்’ கொடுத்து வெளியிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். என்னுடையது ஒரு பென் டிரைவில், ஆவணங்களின் இன்னொரு பூட்டிய நகலோடு, பரமக்குடியில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. அங்கே கடல் காற்றும் இல்லை, களிம்பும் இல்லை.

இத்தனை வருடத்தில் ஒரு ஃபைல்கூடப் போகவில்லை, அது உண்மை. ஆனாலும் மச்சான் இதே டிஸ்க்கை வாங்கலாமா என்று கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒரு சாக்கெட்டை உருப்படியாகச் செய்யத் தெரியாதவர்களுக்குக் கடற்கரைக்காரன் ஏன் காசு கொடுக்க வேண்டும்? எந்த டிஸ்க் வாங்கினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வீட்டுக்கு வா, பூட்டித் தருகிறேன் என்றேன்.